பொழியில் தொங்கின முடிச்சு

எங்கள் கரிசலில் கல் நடக்கும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால் இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. மழை பெய்தால் மண் ஊறி வீங்கும். வெயிலடித்தால் ஆளை விழுங்குகிற மாதிரி வெடிக்கும். இப்படி வீங்கி, வெடித்து, ஊன்றின கல்லை மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும். என் புஞ்சையின் மூலைக்கல் ஓர் ஐப்பசியில் காணாமல் போய்ப் பொங்கல் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. வந்ததே பெரிது. வெடிப்பும் லேசுப்பட்டதில்லை. ஒரு சித்திரையில் வெடிப்புக்குள் விழுந்த என் டார்ச் லைட், மழைக்காலத்தில் எப்போதும்வென்றான் என்கிற ஊரில் ஒருவர் கிணற்றில் கிடைத்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது என்றார்கள். நேரில் பார்க்காததை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அதனால் கிட்டுவுக்கும் பூவனலிங்கத்துக்கும் நடுவிலிருந்த பொழிக்கல் நகர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கிட்டுவின் புஞ்சை கிழக்கே, பூவனலிங்கத்தின் புஞ்சை மேற்கே. நடுவில் பொழி, அதாவது இரண்டு பேருக்கும் பொதுவான வரம்பு. ஒரு மழைக்குப் பிறகு அதிலிருந்த எல்லைக்கல் சாய்ந்து நின்றது. பூவனலிங்கம்தான் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டார் என்று கிட்டுவுக்குச் சந்தேகம். கிட்டுவே சாய்த்துவிட்டு நடிக்கிறார் என்று பூவனலிங்கத்துக்குச் சந்தேகம். சர்வேயர் வந்தார். காலையில் ஓர் அளவு வந்தது. மத்தியானம் அளவுச் சங்கிலி வெயிலில் நீண்டுபோய் இன்னோர் அளவு வந்தது. கல் சரியாகத்தான் இருக்கிறது, புஞ்சைகள்தான் தள்ளிப் போயிருக்கின்றன என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அதன் பிறகு முள். கிட்டு சீமைக்கருவேல முள்ளை வெட்டி, நுனி பிளந்த கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு வந்து, தன் பங்கு இதுவரை என்று பொழிமேல் போட்டார். பூவனலிங்கம் அந்தப் பக்கமிருந்து போட்டார். வருஷா வருஷம் போட்டதில் இரண்டு முள்ளும் நடுவில் கைகோத்துக்கொண்டு, பாம்பே சுற்றிப் போகிற அளவுக்கு அடர்ந்துவிட்டன. எங்கள் ஊரில் அந்த இரண்டு பேர் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்த வேலிதான்.

இதில் மாட்டிக்கொண்டது வெயிலம்மாள். அவளிடம் ஆடு இருபது சொச்சம் இருந்தது. புருஷன் வடக்கே முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனவர். ஒரு தீபாவளிக்கு முறுக்கு வந்தது, அவர் வரவில்லை. ஆடுதான் அவளுக்குச் சோறு. பொழியின் தெற்குக் கோடியில் கல் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. கிடங்கு என்போம். கோடையிலும் அதில் தண்ணீர் கிடக்கும். பொழிமேல் கிடந்த ஒற்றையடிப் பாதைதான் அதற்கு வழி. பாதையை முள் மூடிவிட்டதால் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போன பங்குனியில் அப்படிச் சுற்றினதில் குட்டிகள் சுருண்டு விழுந்தன. சினையாடு ஒன்று லாரியில் அடிபட்டது. இந்தக் கோடைக்குள் வழி திறக்காவிட்டால் மொத்தத்தையும் எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் காலிலும் விழுந்து பார்த்தாள். அவரை எடுக்கச் சொல், நான் எடுக்கிறேன் என்று இவர் சொன்னார். அவரும் அதையேதான் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

இது தொண்ணூற்று எட்டோ ஒன்பதோ. கயத்தாறு பக்கம் மின்சாரக் காற்றாடிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். பேன்ட் போட்ட ஆள் எவன் வந்து நின்றாலும் காற்றாடிக் கம்பெனிக்கு நிலம் பிடிக்க வந்தவன் என்று ஊர் சந்தேகப்படும். அந்த நேரம் பார்த்து, மாசி மாதம் புதூர் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் பிள்ளை இறங்கினாள். தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா, கையில் பூதக்கண்ணாடி. யாரையும் பார்க்கவில்லை. தரையை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சந்தனமாரியின் டீக்கடையில் அன்றைக்கு வடை போதவில்லை. காற்றாடிக் கம்பெனி என்று ஒரு கட்சி. சிமென்ட் கம்பெனிக்குச் சுண்ணாம்புக்கல் பார்க்க வந்தவள் என்று ஒரு கட்சி. புதையல் என்றார்கள். ரேஷன் கார்டைச் சரிபார்க்க அனுப்பின ஆள், சும்மா தரையைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணுகிறாள் என்று சந்தனமாரியே சொன்னார். அவரிடம் இரண்டு கார்டு இருந்தது.

நான் பொழிக்கு எதிர்த்தாற்போல என் புஞ்சையில், உடைமரத்து நிழலில், கொத்தமல்லியை மயில் மேயாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை முள் வேலிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். அப்படியே தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "தாத்தா, இந்த முள்ளு யாரோடது?" என்று கேட்டாள்.

"அதச் சொன்னா கேஸ் ஆயிரும் தாயி."

அவள் பெயர் ஜீனா. பாளையங்கோட்டையில் ஒரு காலேஜில் செடிகொடிப் படிப்பில் ஆராய்ச்சி. என் கவைக்கம்பை வாங்கி முள்ளைத் தூக்கிப் பிடித்து, பெருச்சாளி மாதிரி உள்ளே நுழைந்தாள். ஆடுகளோடு அந்தப் பக்கமாக வந்த வெயிலம்மாளும் நின்று வேடிக்கை பார்த்தாள். நாங்களும் குனிந்து பார்த்தோம்.

முள்ளுக்குள்ளே, பாதை கிடந்த இடத்தில், செடிகள். சாண் உயரம்கூட இல்லை. சாம்பல் பூசின மாதிரி இலை, தொட்டால் ஆட்டுக்குட்டியின் காதுபோல் மெத்தென்று இருந்தது. உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள் பூ, சுற்றிலும் இதழ். ஊரே காய்ந்து கிடக்கிற காலத்தில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல், யாரையும் கேட்காமல் பூத்திருந்தது.

பாலைவனத்துச் செடியாம். வேர் ஆள் உயரத்துக்கு இறங்குமாம். நம் சூரியகாந்திக்குச் சொந்தமாம். ஏழைச் சொந்தம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை இந்தச் சீமையில் ஒன்றைப் பறித்து அட்டையில் ஒட்டிவைத்தாராம். அதன் பிறகு கண்ணால் பார்த்த ஆள் இல்லையாம். இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை முள்ளில் கை கிழிந்து ரத்தம் வந்ததைக் கவனிக்கவே இல்லை.

"இங்கன மட்டும் எப்பிடிம்மா நிக்கி?" என்று வெயிலம்மாள் கேட்டாள்.

இங்கே ஏர் ஓடவில்லை, ஆடும் வாய் வைக்கவில்லை, அதனால்தான் என்றாள் ஜீனா. வெயிலம்மாள் தன் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தாள். அவை ஒன்றும் தெரியாத மாதிரி நின்றன.

விதை முற்றினால் பஞ்சு வைத்துக் காற்றில் பறந்துவிடுமாம். பறக்காமல் பிடிக்க ஜீனா பையிலிருந்து சின்னச் சின்ன மல்துணிப் பைகளை எடுத்து, ஒவ்வொரு பூவின் தலையிலும் மாட்டி, கழுத்தில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டாள். அடையாளம் தெரிவதற்காக மேலே தொங்கின முள்கிளைகளிலும் இரண்டு வெறும் பைகளைக் கட்டிவிட்டாள். பங்குனிக் கடைசியில் வந்து விதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அதுவரை ஊரில் சொல்லிவிட வேண்டாம், பிடுங்கிவிடுவார்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நானும் வெயிலம்மாளும் சரி என்றோம். நான் வாக்குக் கொடுத்தால் மீறுவதில்லை. அதனால் வந்ததுதான் மற்றதெல்லாம்.

ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காசு முடிகிறது என்போம். உடைமையில் அநியாயம் நடந்தால், பாதிக்கப்பட்டவர் ஒரு காசைத் துணியில் முடிந்து, காவல் தெய்வம் எல்லைக்கருப்பன் பேரைச் சொல்லி, வழக்கில் கிடக்கிற மரத்திலோ கிணற்றிலோ கட்டிவிடுவார். கட்டினது நான்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். சொல்லவும் கூடாது. அப்புறம் கருப்பன் பார்த்துக்கொள்வார். அந்த இடத்தில் எவன் சாமான் கிடக்கிறதோ அவனைத்தான் முதலில் விசாரிப்பார். முடிச்சை யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம், ஆனால் அவிழ்த்தவன் கட்டினவருக்கு நியாயத்தைச் செய்து கொடுத்தாக வேண்டும். செய்யாவிட்டால் அந்த வழக்கு அவன் வீட்டுக்கு நடந்து வரும்.

மேலத்தெரு லிங்கராஜ் ஒரு புளியமரத்து முடிச்சை அப்படித்தான் வீம்புக்கு அவிழ்த்தார். அன்றையிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் அவர் தலையில் புளியம்பழம் விழும். கோவில்பட்டியில் சினிமாக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தபோதும் விழுந்தது. இடைவேளைக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பக்கத்து சீட்டில் இருந்தவன் நான்.

மறுநாள் முதல் ஆளாகக் கிட்டு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தெலுங்கும் தமிழும் முந்திக்கொண்டு வரும். அன்றைக்குத் தமிழே மெதுவாகத்தான் வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து மல்லி விலையில் ஆரம்பித்தார். மயிலைப் பற்றிப் பேசினார். கண் மட்டும் எதிரே முள்ளில் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைப் பைகளின் மேலேயே இருந்தது.

"சின்னையா, அங்கன என்னமோ தொங்குதே."

தொங்குகிறது என்றேன்.

"யாரு கட்டுனா?"

யார் கட்டினது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். உண்மை. வாக்குக் கொடுத்திருக்கிறேனே. சொல்ல முடியாது என்றதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் முகம் வேலிக்கு அப்பால் பூவனலிங்கத்தின் புஞ்சைப் பக்கம் திரும்பியது.

"மஞ்சத் துணியிலல்லா காசு முடிவாக. இது வெள்ளையால்லா இருக்கு."

அதையும் யோசிக்க வேண்டியதுதான் என்றேன். இதுவும் பொய் இல்லை. யோசிப்பதில் என்ன தப்பு? அவர் எழுந்து போகும்போது செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் பூவனலிங்கம் வந்தார். பெரிய மீசை. பேசுவதற்கு முன் அதை ஒரு தடவை தடவிக்கொள்வார். அன்றைக்குத் தடவின கை இறங்கவே இல்லை.

"அண்ணாச்சி, கிட்டு இங்கன வந்தாராமே. என்ன சொல்லுதாரு?"

முடிச்சைப் பற்றித்தான் கேட்டார் என்றேன்.

"கட்டுனவனே வந்து கேக்கானா? நெஞ்சழுத்தத்தப் பாருங்க." பிறகு குரலை இறக்கி, "அந்தத் தொப்பி போட்ட பிள்ளையும் அவரு ஏற்பாடாத்தான் இருக்கும். வெளியூர்ல போயி மந்திரிச்சிக் கொண்டாந்திருக்காரு" என்றார்.

நான் பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்து மந்திரவாதி யாரும் இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை.

அப்புறம் நடந்ததைப் பார்க்க எனக்கு உடைமரத்தடியில் நல்ல இடம் கிடைத்தது. மறுநாள் உச்சி வெயிலில், காட்டில் ஆள் இல்லாத நேரம், கிட்டு கவைக்கம்போடு வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, முடிச்சுக்குக் கிட்டே கிடந்த தன் பக்கத்து முள்ளை மட்டும் பூப்போல எடுத்து, தன் புஞ்சைக்குள் இழுத்துப் போட்டார். என்னைப் பார்த்ததும் வீட்டில் அடுப்புக்கு விறகில்லை என்றார். அவர் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் போன பிறகு பூவனலிங்கம் வந்தார். முள்ளுக்குள் எலி அடைகிறது என்று காற்றுக்குச் சொல்லிவிட்டுத் தன் பக்கத்து முள்ளை இழுத்தார்.

இப்படியே தினமும். இவர் ஒரு முழம் இழுத்தால், நம்மைவிட இவர் ஒதுங்கிவிட்டார், ஏதோ தெரிந்துதான் ஒதுங்குகிறார் என்று அவர் ஒன்றரை முழம் இழுத்தார். ஒரு வாரம் ஆவதற்குள் பொழி முழுக்கத் திறந்துகொண்டது. ஆடு இரண்டு சேர்ந்தாற்போல நடக்கலாம். நடுவில் பைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு செடிகள், விசாரணைக்கு நிறுத்தினவர்கள் மாதிரி நின்றன. பக்கத்திலேயே அந்தச் சாய்ந்த கல். கிளைகளில் தொங்கின பைகள் இரண்டும் கிளைகளோடு கிட்டுவின் புஞ்சைக்குள் போய்விட்டதால், கிட்டு அந்தப் பக்கமே உழப் போகவில்லை.

வெயிலம்மாளுக்குப் பாதை கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பிடிபட்ட விஷயம் வேறு யாருக்கும் பிடிபடவில்லை. இந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பது அந்தப் பைகள்தான். பைகளைத் தாங்கி நிற்பது செடி. செடியை ஆடு தின்றுவிட்டால் முடிச்சு போய்விடும், முடிச்சு போனால் முள் வந்துவிடும். அவள் ஆடுகளோ சுவரொட்டியைத் தின்கிறவை. எங்கள் தொகுதியில் ஒரு தேர்தலில் ஒரு கட்சி தோற்றதற்கு அவைதான் காரணம் என்று இன்றும் பேச்சு உண்டு.

வெங்காயச் சாக்கு வலையை வெட்டி, களத்தில் சூடடிக்கும்போது மாட்டுக்குப் போடுகிற மாதிரி, ஆட்டுக்கு ஆடு வாய்க்கூடு தைத்தாள். பொழி ஆரம்பிக்கிற இடத்தில் மாட்டுவாள், கிடங்குக் கரையில் கழற்றுவாள். கடா ஒன்று வாய்க்கூட்டோடு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நானும் ஏதோ செய்திருக்கிறேன் என்று அது நினைத்தது.

ஆடுகள் வரிசையாக, வாயைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் முடிச்சைக் கடந்து போவதை ஊர் பார்த்தது. வாயைக் கட்டிக்கொண்டு பூசை போடுகிற பூசாரியை எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்கே விரதமா என்று சந்தனமாரி கடையில் பேச்சு ஓடியது. வெயிலம்மாளிடம் கேட்டார்கள். கடித்துவிடும் அதனால்தான் என்றாள். எதை என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. முடிச்சைக் கட்டினது எல்லைக்கருப்பனேதான் என்று ஒரு கட்சி கிளம்பியது. அவர் யார் மேல் புகார் கொடுப்பார், யாரிடம் கொடுப்பார் என்று நான் கேட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஜீனா சொன்னபடி வந்தாள். ஊரே பொழிக்கு வந்துவிட்டது. கிட்டு அவருடைய புஞ்சையில், பூவனலிங்கம் அவருடைய புஞ்சையில், தள்ளியே நின்றார்கள். ஜீனா மண்டியிட்டு முதல் முடிச்சை அவிழ்த்தபோது கூட்டம் மொத்தமாகப் பின்னால் நகர்ந்ததில், சந்தனமாரி பின்னால் நின்றவர் காலை மிதித்துவிட்டு, அது வேறு ஏதோ மிதித்தது என்றார்.

பைக்குள்ளிருந்து காசு விழவில்லை. பஞ்சு வைத்த விதை வந்தது. ஜீனா ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். அது எழும்பி, கூட்டத்தின் தலைக்கு மேலே போய், தெற்கே நகர்ந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பயந்தவர்கள் கேட்கக் கேட்க அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். படிப்பு, பாலைவனத்துப் பூ, விதை பறக்காமல் இருக்கப் பை, நூலின் நிறத்துக்குக்கூடக் காரணம். முள்ளைச் சுத்தம் பண்ணி, செடி மிதிபடாமல் பார்த்துக்கொண்டதற்காகக் கிட்டுவுக்கும் பூவனலிங்கத்துக்கும் தனித்தனியாக நன்றி சொன்னாள்.

கிட்டுதான் முதலில் சிரித்தார். தேவைக்கு மேல் சத்தமாக. "விதைப்பைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா" என்றார். தனக்கு அதற்கு முந்தின நாளே தெரியும் என்றார் பூவனலிங்கம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் முள் வளர்ந்ததை நான் பார்த்தேன். விடிந்ததும் யார் முதலில் பொழியைப் பிடிப்பது என்பதுதான் இனிமேல் கேள்வி.

வெயிலம்மாளும் அதைப் பார்த்தாள்.

போகும்போது ஜீனா அவளிடம் ஒரு பையைக் கொடுத்தாள். செடியில் கடைசியாக ஒரு மொட்டு பாக்கி இருந்தது. அது பூத்து முற்றினால் மாட்டிவிடுங்கம்மா என்றாள். கை நிறைய விதையையும் அங்கேயே பொழி வெடிப்பில் தூவிவிட்டுப் போனாள். வெயிலம்மாள் அந்தப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, உடைமரத்தடியில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஆடுகள் வாய்க்கூட்டோடு அவளைச் சுற்றி நின்றன.

"சனிக்கெழமை சந்தை, மாமா."

நான் மயிலை விரட்டினேன். மயில் இல்லை.

"நாளைக்கு முள்ளு போட்டுருவாக. ரெண்டு பேருகிட்டயும் நான் இனிமே கேக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு வாயி வலிக்கி."

வேறு யாரிடம் கேட்கப் போகிறாய் என்று கேட்டேன். அவள் எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அந்தப் பாதையில் அதுதான் கடைசித் தடவை என்று நினைத்தேன். ஆடுகளும் அப்படி நினைத்திருக்க வேண்டும். குட்டிகள்கூட நிதானமாக நடந்தன.

விடிந்ததும் நான் புஞ்சைக்குப் போனபோது கிட்டு எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கவைக்கம்பு நிறைய முள். அந்தப் பக்கம் பூவனலிங்கமும் முள்ளோடு நின்றார். வடக்குக் கோடியில் வெயிலம்மாள் ஆடுகளோடு வந்து நின்றுவிட்டாள். நடுவில், கல்லுக்குப் பக்கத்தில், கடைசி மொட்டு நின்ற செடியில், அந்த வெள்ளைப் பை. சிவப்பு நூல்.

"இன்னும் ஒண்ண விட்டுட்டுப் போயிட்டாளா அந்தப் பிள்ள?" என்றார் கிட்டு.

மொட்டு இன்னும் பூக்கவே இல்லையே என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பூவனலிங்கம் பார்க்கிறார் என்பதற்காகவே கிட்டு முள்ளைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே நடந்துவந்து குனிந்தார். எதற்கும் பயப்படாத ஆள் மாதிரி நூலை இழுத்து முடிச்சை அவிழ்த்து, பையைத் தலைகீழாக உதறினார்.

மஞ்சள் தடவின ஒரு ரூபாய், கல்லின்மேல் விழுந்து, ஒரு சத்தம் கொடுத்து, உருண்டு, அவருடைய பெருவிரலில் சாய்ந்து நின்றது.

கிட்டு கையில் வெறும் பையை வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பிற்பாடு சொன்னார்.

"நீரா முடிஞ்சீரு?" என்று நிமிராமலே கேட்டார்.

"நான் எதுக்கு முடியுதேன்? முள்ளு போடல்லா வந்தேன்" என்றார் பூவனலிங்கம். மீசைக்குப் போன கை பாதியில் நின்றது.

"நான்தான் முடிஞ்சேன்" என்றாள் வெயிலம்மாள். சொல்லக் கூடாத வழக்கம். அவள் சொல்லிவிட்டாள். "வழிக்குத்தான். எங்கிட்ட வேற துணி இல்ல, அந்தப் பிள்ள குடுத்ததுதான் இருந்துச்சி. கருப்பங்கிட்டச் சொல்லிட்டேன். அவுத்தது நீங்க, கிட்டண்ணே."

கிட்டு நிமிர்ந்தார். அவளை நம்பவில்லை. பூவனலிங்கத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஏன், அவளுக்குப் புத்தியில்லையா?" என்றார் பூவனலிங்கம். அவர் பார்வை என் பக்கம் வந்தது. கிட்டுவின் பார்வையும் வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே ஆளை ஒரே நேரத்தில் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான். நான் மயிலை விரட்டினேன். இந்தத் தடவை ஒரு மயில் நிஜமாகவே இருந்தது, நல்லவேளை.

லிங்கராஜின் புளியம்பழம் கிட்டுவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு கையால் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இவர் வழக்கில் வந்து விழுவது என்ன? ஆடாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். சினிமாக் கொட்டகையில் விழுந்தால்கூடப் பரவாயில்லை, வீட்டில் விழுந்தால்? காசைக் கண்ணில் ஒற்றி, வேட்டியில் முடிந்துகொண்டார். தான் கொண்டுவந்த முள்ளைத் தூக்கி, பழைய இடத்துக்கும் பின்னாலே, தன் புஞ்சைக்குள் நாலு எட்டுத் தள்ளிப் போட்டார்.

"எம் பக்கத்துல வழி விட்டாச்சி. கருப்பனுக்குத் தெரியட்டும். அந்தப் பக்கத்துக்கு நான் பொறுப்பில்ல."

கிட்டு மட்டும் தப்பித்துக்கொண்டு, கணக்கைத் தன் பக்கம் தள்ளிவிடுகிறார் என்று பூவனலிங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் அஞ்சு எட்டுத் தள்ளிப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை வெயிலம்மாள் சந்தைக்குப் போனாள். கயிறு வாங்கிக்கொண்டு வந்தாள். வாய்க்கூட்டுக்கு வலை மட்டும் போதாது, கழுத்தில் கட்டக் கயிறு வேண்டும் என்றாள். கடைசி மொட்டு பூத்தது. யாரும் பை மாட்டவில்லை. அது பஞ்சு வைத்துத் தன் பாட்டுக்குப் பறந்தது.

அடுத்த மழைக்குப் பிறகு, மாசியில், பொழி நெடுக அந்தப் பூதான். ஜீனா வந்து பார்த்துவிட்டு வெடிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் என்றாள். ஊரில் அதற்குக் காசுப்பூ என்று பெயர் வைத்தார்கள். யாரும் பறிப்பதில்லை. எந்தப் பூவில் யார் காசு முடிந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? வெயிலம்மாளின் ஆடுகள் இன்றைக்கும் வாயைக் கட்டிக்கொண்டுதான் அந்த வழியே தண்ணிக்குப் போகின்றன. இப்போதுள்ள குட்டிகளுக்கு எதற்கு என்றே தெரியாது. பொழி வந்ததும் தாமாகவே கழுத்தை நீட்டுகின்றன.

வெயிலம்மாளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கிட்டுவும் பூவனலிங்கமும் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். தனித்தனியாக வந்து, மல்லி விலையில் ஆரம்பித்து. நான் உடைமரத்தடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று சொல்கிறேன். அவர்கள் நம்புவதில்லை.

ஒன்று மட்டும் எனக்கும் விளங்கவில்லை. சாய்ந்து கிடந்த அந்தப் பொழிக்கல் இப்போது பாதைக்கு நட்டநடுவில், நேராக நிமிர்ந்து, வழி காட்டுகிற மாதிரி நிற்கிறது. யாரும் தொடவில்லை. கிட்டு தொட மாட்டார், பூவனலிங்கம் தொட மாட்டார். வெயிலம்மாளைக் கேட்டேன், ஆடுகளைப் பார்த்தேன். எனக்கென்னவோ ஆரம்பத்திலிருந்தே அந்தக் கல்மேல்தான் சந்தேகம்.